பிரபஞ்சம் பெருசுங்க, அதுக்கென்ன இப்போ?

மனித வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா என்ற கேள்வி கொங்கு நாட்டுக்கு முதன்முதலாக வந்து கதவைத் தட்டியபோது வீட்டில் ஆள் இல்லை. எல்லாரும் கொடுமணலில் கல்லுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் அதுதான் அந்தக் காலத்துத் திருப்பூர். பனியனுக்குப் பதில் பாசிமணி. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. சூதுபவளக் கல் இந்தச் சீமையில் கிடையாது, வடக்கேயிருந்து வரவழைத்தார்கள். தீட்டி, துளையிட்டு, கோத்து அனுப்பினால் ரோமாபுரிக் காசு திரும்பி வரும். அங்கே பிளினி என்றொரு பெரியவர், இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் உருவிக்கொள்கின்றனவே, நம்ம பொம்பளைகள் சொகுசுக்கு இவ்வளவா என்று புலம்பி எழுதிவைத்தார். கொடுமணலில் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். படித்திருந்தால் அடுத்த லோடுக்கு விலையை ஏற்றியிருப்பார்கள்.

அப்படி வந்த ரோமானிய வெள்ளியில் ஒரு பங்கு வெள்ளலூர் மண்ணுக்குள் கிடந்து 19ஆம் நூற்றாண்டில் புதையலாக வெளியே வந்தது. இப்போது கோவை மாநகராட்சி தன் குப்பையைக் கொட்டுவதும் அதே வெள்ளலூரில்தான். அகஸ்டஸ் சீசரின் தலை பதித்த காசு கிடந்த ஊரில் நம்ம வீட்டுப் பால் பாக்கெட் கிடக்கிறது. நிலையாமையைப் பற்றி உபதேசம் கேட்க வேண்டுமென்று தோன்றுகிறவர்கள் சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் போதும், கைக்குட்டை முக்கியம்.

சாவு வந்தபோதும் கொடுமணல்காரர்கள் பெரிதாகப் பதறவில்லை. பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி மாதிரி ஒரு கற்பதுக்கை, மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை. தொல்லியல்காரர்கள் அதை இடுதுளை என்கிறார்கள். ஆவி வந்து போவதற்கான வழி என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கென்னவோ அது கைப்பழக்கம் என்றுதான் படுகிறது. ஆயுசு பூரா கல்லைப் பார்த்த உடனே துளை போட்டவன், சாவையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பான்.

1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி தடுக்குகிறது. காலணாவுக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற வம்சம். வெளியூர்ச் சரக்கு, துளை போட்ட கூலி தனி. அதை ஒரு பிணத்தோடு போட்டுக் கல்லை மூடியிருக்கிறார்கள். எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்கள்? செலவா, முதலீடா? பங்காளி ஒருத்தன்கூடவா "ரெண்டாயிரம் போதுமுங்க, மிச்சம் இருக்கட்டும்" என்று சொல்லவில்லை?

உயிரோடு இருந்தவர்களோ பானையில் பெயரைக் கீறிவைத்தார்கள். எழுத்துப் பொறித்த ஓடுகள் 500க்கும் மேல். கண்ணன் ஆதன், சம்பன், சுமனன் என்று வெறும் பெயர்கள். வாழ்வின் பொருள் பற்றி ஒரு வரி கிடையாது. வானம் யாருடையதோ தெரியாது, பானை என்றதுங்க. அவ்வளவுதான்.

அடுத்தபடியாகக் கேள்வியைக் கொண்டுவந்தவர்கள் சமணத் துறவிகள். அவர்கள் கணக்கே வேறு. உலகத்தைப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை, ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. காலத்துக்கு அவர்கள் வைத்திருந்த அளவைகளில் ஒன்று பல்லியோபமம். ஒரு யோசனை அகலம், ஒரு யோசனை ஆழத்தில் குழி வெட்டி, அதை ஆட்டுக்குட்டி மயிரால் திணித்து நிரப்பி, நூறு ஆண்டுக்கு ஒரு மயிர் வீதம் எடுத்தால் குழி காலியாக எவ்வளவு நாள் ஆகுமோ, அவ்வளவு காலம். கேட்டுக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர், "குழி வெட்டுக் கூலி யாருதுங்க சாமி?" என்று கேட்டிருப்பார். எழுத்துச் சான்று இல்லை. ஆனால் கேட்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஈரோட்டுப் பக்கம் அரச்சலூர் நாகமலைக் குகையில் அந்தச் சாமிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. வினையை அறுத்து, பிறவியை முடித்து, உடம்பை வெறுத்துப் படுக்கிற இடம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் தேவன் சாத்தன் என்றொரு மணிய வண்ணக்கன் அங்கே ஏறிப் போனான். வண்ணக்கன் என்றால் மணியும் காசும் நல்லதா பொல்லாததா என்று சோதித்துச் சொல்கிறவன். போனவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை. பாறையில் த, தை, தா, தே என்று தாளச் சொற்கட்டை அடுக்கிவிட்டு, கீழே பெயரையும் தொழிலையும் போட்டுக்கொண்டான். வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், எப்படிப் படித்தாலும் ஒன்றேதான். துறவி கண்ணை மூடிக்கொண்டு எண்ணற்ற பிறவிகளைக் கடந்துகொண்டிருக்க, பக்கத்தில் ஒருத்தன் உளியை வைத்துக்கொண்டு தை தா தை. சாமி என்ன பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும்! ஈரோட்டுப் புலவர் செ. இராசு கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அது இசைக் கல்வெட்டு என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

நடுவில் பல நூற்றாண்டுகள் போர், வரி, வெள்ளாமை. தாண்டிவிடுவோம். தொழில்மேதை ஜி.டி. நாயுடுவை மட்டும் தாண்ட முடியாது; அவரை இழுக்காமல் கோயமுத்தூரைப் பற்றி எழுதினால் அவிநாசி ரோட்டில் நடமாட விடமாட்டார்கள். 1945இல் பொறியியல் கல்லூரி தொடங்க முன்னின்றுவிட்டு, நாலு வருசப் படிப்பு தண்டம் என்று சண்டை போட்டவர் அவர். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று சொல்லியிருந்தால், ஆறு வாரத்தில் முடிக்கிற வேலைக்கு எதுக்குய்யா இத்தனை நாள் என்று கேட்டிருப்பார்.

கடைசியில் விஞ்ஞானிகள் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நீலகிரி மலையேறினார்கள். நீலகிரி 1868 வரை கோயமுத்தூர் ஜில்லாவோடு இருந்ததுதான். வெயில் தாங்காமல் 1819இல் மேலே போன கலெக்டர் ஜான் சல்லிவன் வழி காட்டிவைத்திருந்தார். ஊட்டிக்கு அருகே முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி ஒரு சரிவைப் பிடித்தார். அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11. ஆக, சரிவின் மேல் நீளவாக்கில் ஆண்டெனாவைக் கிடத்தினால் அது பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும், ஒரே பக்கமாகத் திருப்பி மணிக்கணக்கில் வானத்தைத் தொடரலாம். 1970இல் ரேடியோ தொலைநோக்கி தயார். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். தூரத்து ரேடியோ மூலத்தை நிலா மறைக்கிற நேரத்தைக் கணக்கெடுத்து அதன் அளவைச் சொன்னார்கள்.

அப்போது இங்கிலாந்தில் வானியலாளர் ஃபிரெட் ஹொய்ல் வகையறா, பிரபஞ்சத்துக்கு ஆரம்பமில்லை, எங்கிருந்து எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். நாகமலைச் சாமிகள் பாதிக் கட்சி, தேவன் சாத்தனின் எழுத்துக்கட்டம் மீதிக் கட்சி. 1975 வாக்கில் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் மூலங்களின் அளவை வைத்துப் பார்த்தபோது ஒரே மாதிரி வரவில்லை. பழைய பிரபஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கிறது.

இதைக் காங்கேயத்துப் பக்கம் ஒரு பெரியவரிடம் சொன்னால் மனசுக்குள் 530ஐ 30ஆல் பெருக்குவார். கிட்டத்தட்ட நாலு ஏக்கர்.

"நாலு ஏக்கராவுல என்னங்க வெளைஞ்சுது?"

"ஒரு கொள்கை செத்துப்போச்சுங்க."

"அது செரி. தண்ணி வசதி இருக்குதுங்களா?"