கல்லாப்பெட்டித் தர்மவான்

நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்க, ஊதுவத்திப் புகை சூழ்ந்த சுவாமி படங்களுக்குக் கீழே, கல்லாப்பெட்டியை அணைத்தவாறு வீற்றிருக்கும் ஓட்டல் முதலாளியை நம் ஊர்களில் அறியாதார் இல்லை. ஆனால், வேலை கேட்டு வந்து நிற்கும் சர்வரிடம் அவர் சம்பளம் பேசும் வைபவத்தைக் கண்டவர் சிலரே. கொடுக்கப்போகும் தொகையை மந்திரோபதேசம் போல மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்று வேளைச் சாப்பாடு, மாடியில் படுக்க இடம், தீபாவளிக்கு வேட்டி சட்டை என்று உரத்து அடுக்கிக்கொண்டே போய், "டிப்ஸ் வேற இருக்கே தம்பி! நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாம் தாராளமான கை" என்று முடிப்பார். பிறர் சட்டைப்பையிலுள்ள பணத்தை இவ்வளவு பெருந்தன்மையோடு தானம் செய்தவரைப் புராணங்களிலும் காண்பது அரிது.

சோம்புத் தட்டில் விழும் சில்லறையைப் பற்றி அவருக்குத் தனிச் சித்தாந்தமே உண்டு. ஏ.சி. அறையில் வரும்படி அதிகமாகையால், அங்கே பரிமாற நியமிக்கப்படுவதே சம்பள உயர்வு என்பார். மேசை துடைக்கும் பையனும், கல்லுக்கு முன்னால் வேகும் தோசை மாஸ்டரும் முணுமுணுத்தால், எல்லாருக்கும் பொதுவென்று ஓர் உண்டியலை வைப்பார். அதன் சாவி மட்டும் அவர் இடுப்பிலிருக்கும். மாதக் கடைசியில் அது திறக்கப்படும்போது, உடைந்த தம்ளர்களின் கிரயம்தான் முதற்பங்கு.

குறைந்தபட்சக் கூலிக்கென 1948-லேயே இந்நாட்டில் சட்டம் பிறந்துவிட்டதே என்று யாராவது நினைவூட்டினால், அவருக்கு அவசரமாகச் சமையற்கட்டில் வேலை வந்துவிடும். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன், டிப்ஸ் வாங்கும் சிப்பந்திக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதுமென்று அந்நாட்டு மத்தியச் சட்டம் அனுமதிப்பதையும், 1991 முதல் அத்தொகை ஒரு காசுகூட ஏறாததையும் சொன்னபோது, மகா சந்தோஷமடைந்து நெய் ரோஸ்ட் வரவழைத்தார். டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலரை எட்டாவிட்டால் குறையை முதலாளியே ஈடுசெய்ய வேண்டுமென்ற பிற்பகுதி, அந்தச் சமயம் பார்த்துக் கிரைண்டர் ஓடியதால், அவர் செவியில் விழவில்லை.

இப்பொழுதோ மேசைக்கு மேசை க்யூஆர் அட்டை வந்து, எண்பத்தேழு ரூபாய் பில்லுக்கு எண்பத்தேழே ரூபாய் நேராக அவர் கணக்கில் போய்ச் சேருகிறது. மீதிச் சில்லறை என்ற வஸ்துவே அருகிவிட்டது. ஆயினும் சம்பளப் பேச்சில் மட்டும் டிப்ஸ் இன்னும் சர்வ வியாபியாக விளங்குகிறது. ஆகவே, செல்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் அன்பர்கள் பத்து ரூபாய் நோட்டொன்றைத் தனியே வைத்திருந்து, அதைச் சோம்புத் தட்டில் இடாமல், பரிமாறியவர் கையிலேயே கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தட்டு கல்லா வழியாகத்தான் திரும்பிப் போகிறது.