முதலில் பிரபலமாகுங்கள், பிறகு தெளிவாகத் தெரிவீர்கள்

நல்ல தரத்தில் நடனம், கச்சேரி வீடியோ போட எந்தத் தளம் சிறந்தது என்று கேட்கும் கலைஞர்களுக்கு என் பதில் ஒன்றுதான். முதலில் பிரபலமாகிவிடுங்கள். படம் அப்புறம் தானாகவே தெளியும்.

கிண்டல் இல்லை. ஏற்றுகிற எந்தப் படத்தையும் யூடியூப் நசுக்கித்தான் பரிமாறும். யாருடையதை எவ்வளவு பதமாக நசுக்குவது என்பதில்தான் வர்ணாசிரமம். அதிகம் பார்க்கப்படும் படங்களுக்குக் கூடுதல் கணினி உழைப்பு, மூலையில் கிடக்கும் கோடானுகோடிப் படங்களுக்கு முடிந்தவரை குறைந்த செலவு: கூகுள் பொறியாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தப் பாகுபாடு இருக்கிறது. பூனைக்குட்டி தும்முவதை லட்சம் பேர் பார்ப்பார்கள், அதற்கு விபி9, ஏவி1 என்று புதிய சுருக்க முறைகளின் பட்டுப் பீதாம்பரம். உங்கள் மாணவியின் அரங்கேற்றத்தை அத்தையும் மாமாவும்தானே பார்க்கப் போகிறார்கள்? பழைய ஹெச்.264 கந்தல் போதும்.

அந்தக் கந்தலின் வழியே ஒரு பரதநாட்டியத் தீர்மானத்தைப் பாருங்கள். அரைமண்டியில் கால் தட்டி, கை வீசி, மூன்றாம் காலத்தில் ஜதி பறக்கிறது. பின்னால் கருப்புத் திரை, மேலே சிவப்பு விளக்கு, உடம்பில் சிவப்புப் பட்டு. இந்தத் தளங்களில் நிறத்தின் நுணுக்கம் வெளிச்சத்தின் நுணுக்கத்தில் கால் பங்குதான். எனவே ஜரிகைக் கரை சிவப்போடு கரைந்துபோகும். வேகமாக அசையும் விரல்கள் கட்டம் கட்டமாக உடையும். முத்திரை கத்தரிமுகமா, மயூரமா என்று குருவே சத்தியம் செய்ய முடியாது. சலங்கையின் உச்ச ஒலி, மழையில் தகரக் கூரை மாதிரி சலசலக்கும். மூலையில் மட்டும் '1080' என்று கம்பீரமாக எழுதியிருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். 2023இல் அதே 1080க்குள்ளேயே 'பிரீமியம்' என்று இன்னொரு 1080 பிறந்தது. கட்டணம் கட்டுபவருக்குக் கூடுதல் தரவு, தெளிவான படம். கட்டாதவருக்கு வெறும் எண்.

அடுத்து உரிமைக் காவலர்கள். பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் 2018இல் தன் வீட்டில் தானே வாசித்த பாக்கின் இசையை ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் 47 வினாடி சோனிக்குச் சொந்தம் என்று இயந்திரம் தடுத்து நிறுத்தியது. பாக் இறந்தது 1750இல். ரோட்ஸ் பகிரங்கமாகக் கொதித்தெழுந்த பிறகே கோரிக்கை வாபஸானது. தியாகராஜர் மறைந்தது 1847இல். அவர் கீர்த்தனைக்கு எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாது, தன் ஒலிப்பதிவுக்கு மட்டுமே முடியும். பாட்டுக்கும் பதிவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிஷ்யப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இயந்திரத்துக்கு ஏன் தெரிய வேண்டும்? குற்றம் சாட்டுவது மட்டும்தான் அதன் உத்தியோகம். நிரபராதி என்று நிரூபிப்பது உங்கள் தலைவிதி.

இடையில் விளம்பரம் உண்டு. ஆலாபனை மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது பல்பசைக்காரர் வந்து பல்லைக் காட்டுவார். அதில் உங்களுக்குப் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்த்து வாருங்கள். சேராவிட்டாலும் விளம்பரம் வரும், பங்குதான் வராது. 2020 நவம்பரிலேயே விதியை அப்படி எழுதிவிட்டார்கள். கச்சேரிக்குச் சம்பளம் தராத தர்மகர்த்தாகூட ஒரு வெற்றிலைத் தாம்பூலமாவது தருவார்.

விமியோ? ஒரு காலத்தில் கலைஞர்களின் செல்லப்பிள்ளை. 2007இலேயே ஹெச்டி தந்த தளம். நிறையப் பேர் பார்த்துவிட்டால் அங்கே அது குற்றம். 2022இல், பார்வை கூடிய சில படைப்பாளிகளிடம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டு, இல்லையேல் கிளம்பு என்றது. 2025இல் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் அதைச் சுமார் 138 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. ரீல்ஸ் பக்கம் போனால் படத்தையே நெட்டுக்குத்தாக நிறுத்தியாக வேண்டும். பாடகர் நிற்பார். வயலினும் மிருதங்கமும் சட்டத்துக்கு வெளியே நாடு கடத்தப்பட்டிருக்கும். பல்லவிக்கு முன்பே கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும்.

ஏற்றிய மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு அப்படியே இறக்கித் தரும் இடமும் ஒன்று உண்டு, இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996 முதல் இருக்கிறது, லாப நோக்கமில்லை. எனவே அதை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். அங்கே உங்கள் ஜதியைப் போட்டு அந்த முகவரியை ஒரு சபா செயலாளரிடம் நீட்டிப் பாருங்கள். அவர் விரலைப் பார்க்க மாட்டார், அடவைப் பார்க்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை வியூஸ்மா?"