ஆடு எங்கே?

கேள்வி: பெரிய வியாழனன்று திருவல்லாவில் என் நாத்தனார் வீட்டில் பெசகா அப்பமும் பாலும் உண்டு. ஆனால் பாஸ்கா என்றால் ஆடு வேண்டாமா? அது எங்கே போயிற்று?
– ஒரு வாசகி, குழித்துறை

பதில்: மலையேறும்போது ஈசாக்கும் தன் அப்பாவிடம் இதைத்தான் கேட்டான். முழு விடை வர ஒரு சிலுவை வேண்டியிருந்தது!

எகிப்தில் முதல் பாஸ்கா இரவில் இஸ்ரயேலர் ஒரு வயதுள்ள, பழுதில்லாத குட்டியின் இரத்தத்தை வாசல் நிலைகளில் பூசினார்கள். அதைக் கண்ட இடத்தில் சாவு வீட்டைக் கடந்து போயிற்று. குட்டியின் எலும்பை முறிக்கக் கூடாது என்பதும் கட்டளை. சிலுவையில் இயேசுவின் கால்கள் முறிக்கப்படவில்லை என்று யோவான் கவனமாக எழுதிவைத்தது அதனால்தான். நம் பாஸ்கா ஆடு கிறிஸ்துவே என்று கொரிந்தியருக்குப் பவுலும் எழுதினார்.

அந்த ஆட்டால் நமக்கு வந்தது மீட்பு. அந்தச் சொல் அடகுக் கடையில் தினமும் புழங்குவது. வைத்தவரே பணம் கட்டித் திருப்புவது உலக வழக்கம். இங்கே அடகுபோனது நாம், கட்டியது கிறிஸ்து.

பலி என்பதையோ குழித்துறைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டாம். ஆடி அமாவாசையில் தாமிரபரணிக் கரையில் வாவுபலி. இருப்பவர்கள் இறந்தவர்களுக்குப் படைப்பது. பாஸ்காவில் திசை மாறுகிறது. இறக்கப்போகிறவர், இருப்பவர்களுக்காகத் தம்மையே படைக்கிறார். சிலுவைக்கு முந்திய இராவுணவில் அப்பத்தை எடுத்துத் தம் உடல் என்றார்.

நாத்தனார் அந்தப் புளிக்காத அப்பத்தின்மேல் குருத்தோலைச் சிலுவை வைத்திருப்பாரே, பார்த்தீர்களா? ஆடு அங்கேதான் இருக்கிறது, அம்மா.