விருந்துலா விளக்கம்

மாணாக்க, அமர்க. ஏடு திறக்க வேண்டா. செவி திறந்தாற் போதும்.

தொழிலார் கூடும் மாநாடு மூன்று உறுப்புகளை உடையது: கட்டுரை படித்தல், விருந்துண்ணல், உலாப் போதல். முதல் உறுப்புக்கு நூல்கள் மலிந்துள்ளன. பின்னிரண்டுக்கும் இருப்பதெல்லாம் பதிவுப் படிவத்தின் கடைசி வரி: 'துணைவர்க்கு உலா உண்டு, கட்டணம் தனி.' தனிநாயக அடிகளின் முயற்சியால் 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. 1987இலும் 2015இலும் அவ்வூரிலேயே மீண்டும் கூடிற்று. அவற்றின் கட்டுரைகளை ஆய்வார் உளர். விருந்துகளை ஆய்வார் இலர். அக்குறை தீர எழுந்தது இந்நூல்.

1. நிலம்

இந்நூலுக்கு நிலம் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலம். கோலாலம்பூரிலிருந்து பேருந்து ஒன்றரை மணியளவில் சேரும் தொலைவில் போர்ட்டிக்சன் கடற்கரை உண்டு. கரைநெடுக விடுதிகள் உண்டு. விடுதிக்கும் சிரம்பானுக்கும் இடையே தோட்டங்கள் உண்டு. ஆதலின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கூட்டுறவுக் கழகத்தார், கணக்காயர், தோட்ட மேலாளர் எனப் பல தொழிலாரும் தம் மாநாட்டை இங்கே கொண்டுவருவர். தோட்ட மேலாளர்க்கெனக் கழகம் தோன்றியது 1919இல். அந்நாளில் துரைமார் விருந்தில் நம்மவர்க்கு இடம் பந்தியிலன்று, அடுக்களையில். பின்னாளில் பந்திக்கு வந்தோம். வந்தபின் நேர்ந்தவற்றையே இந்நூல் கூறும்.

2. சோற்றிடைவெளி

விருந்தை அளக்கும் கோல் சுவையன்று. அழைப்பிதழில் அச்சிட்ட மணிக்கும் உணவுக்கலத்தின் மூடி திறக்கும் மணிக்கும் இடையே கிடக்கும் பொழுதே அளவுகோல். அதற்குச் சோற்றிடைவெளி என்று பெயரிட்டோம். அது குறில், நெடில், அளபெடை என மூவகைப்படும்.

2.1 குறில்: அரை மணிக்கு உட்பட்டது. பட்டம் பெற்றோர் எவரும் வாராத விருந்தில் மட்டும் நிகழ்வது. அரிது.

2.2 நெடில்: டத்தோப் பட்டம் பெற்ற ஒருவர் வருவதாகச் சொல்லி, வருவது. ஒரு மணிக்குக் குறையாது.

2.3 அளபெடை: டத்தோ வருவதாகச் சொல்லி, பின்னர் அவர்க்கு மாற்றாள் வருவதாகச் சொல்லி, மாற்றாளும் சிரம்பான் நெரிசலில் நிற்பது. அளபெடைக்கு மேல்வரம்பு இல்லை.

சோற்றிடைவெளியை நீட்டும் துணைக்கருவி ஒன்று உண்டு. அது விளிநிரல். மேடையேறுவோர் ஒவ்வொருவரும் தம் உரைக்கு முன்னர் டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ, மாண்புமிகு, மதிப்புமிகு என அவையோரைப் படிமுறை வழுவாது விளித்தல் இந்நாட்டு வழக்கு. முதற்பேச்சாளர் ஒருவரை விட்டுவிட்டால் இரண்டாமவர் சேர்த்து விளிப்பார். இரண்டாமவர் விட்டதை மூன்றாமவர் சேர்ப்பார். ஆகவே விளிநிரல் தேய்வதில்லை, வளர்வது. நான்காமவர் விளித்து முடிக்கையில் மேசை நடுவே வைத்த கச்சான் தட்டு ஒழிந்திருக்கும். ஒழிந்த தட்டைப் பசியளவி என்க.

3. உண்முறை

உண்போர் இருக்கும் நிலை பற்றி விருந்து நால்வகை: நின்றுண்விருந்து, இலையுண்விருந்து, சூழ்ந்துண்விருந்து, வரிசையுண்விருந்து.

3.1 நின்றுண்விருந்து முதல்நாள் மாலைக்குரியது. ஒரு கையில் தட்டு, மறு கையில் குவளை. கைகுலுக்க மூன்றாம் கை இல்லாமையால் பலர் தலையசைத்தே நட்புக் கொள்வர். வேறு சிறப்பில்லை.

3.2 இலையுண்விருந்து தோட்டக் கோயிலை ஒட்டிய கொட்டகையில் நிகழும். இதனை நாம் அறிவோம், விடுக.

3.3 சூழ்ந்துண்விருந்து சீனர் முறை. பதின்மர் சூழ்ந்த வட்டமேசை, நடுவே சுழல்தட்டு. குளிர்ந்தவை முதலில், பின் சூப், கோழி, மீன், இறால், கீரை எனத் தனித்தனியே வந்து, சோறோ மீ எனும் நூடுல்சோ ஏறக்குறைய இறுதியில் வரும். நம்மவர் அதற்கு முன் வந்தவற்றையெல்லாம் தொடுகறியென எண்ணிச் சோற்றுக்குக் காத்திருப்பர். இது சோற்றிடைவெளிக்குள் தோன்றும் மற்றொரு சோற்றிடைவெளி, உள்ளிடைவெளி எனப்படும். சுழற்றுவோர் இருவகையர்: பிறர் கரண்டி தட்டிலிருக்கையில் சுழற்றுநர், தமக்கு முன் மீன்தலை வந்ததும் விரலால் தட்டை நிறுத்துநர். ஒரே மேசையில் இருவரும் அமர்ந்தால் சூப் விரிப்பில் கொட்டும்.

3.4 வரிசையுண்விருந்து மிக விரிந்தது. மாணாக்க, இவ்விடம் கருத்தூன்றுக.

நீண்ட மேசையின் தொடக்கத்தில் தட்டுகள். பின் சோறு, மீ கோரெங், கோழி, மீன். இந்நிலத்துக்கே உரிய மாசாக் லெமாக் சிலி அப்பி இடையில் நிற்கும். தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்ந்து நிறம் மட்டும் காட்டி, ஊசிமிளகாயை மறைத்து வைத்திருக்கும் குழம்பு அது. தமிழகத்திலிருந்து வந்த விருந்தினர் அதனைக் குருமா எனத் துணிந்து இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வர். மூன்றாம் கவளத்தில் தெளிவு பிறக்கும். அப்பொழுது அவர் பேசுவதை நிறுத்துவார். கட்டுரை அரங்கில் மணியடித்தும் நிறுத்தாதவர் ஆயினும்.

மரக்கறி மேசை மூலையில் தனியே இடப்படும். அதனை நாடுவோர் நால்வர். மெய்ம்மரக்கறியார் பிறப்பிலிருந்தே அவ்வாறு உண்போர். கிழமை மரக்கறியார் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அவ்வாறு உண்போர். மாநாடு வெள்ளியில் தொடங்கின் இவர் தொகை மெய்யானோர் தொகையை விஞ்சும். திங்கள் மரக்கறியார் புரட்டாசிக்கு உரியர். நான்காமவர் கண்டபின் மரக்கறியார்: இறைச்சி மேசையில் தட்டு நிறைத்துத் திரும்பும் வழியில் பன்னீரைக் கண்டு, அவ்விடத்திலேயே மரக்கறியாராக மாறி, உண்டபின் முன்னிலைக்கு மீள்வோர். இந்நால்வருள் மேசையைச் சென்றடையும் முறை 4, 3, 2, 1 என்பது. மெய்ம்மரக்கறியார் வரும்போது வெண்சோறும் அப்பளத்தூளும் எஞ்சியிருக்கும். அவர் அமைதியாக உண்பார். இம்முறை மாறியதாக யாம் கண்டதில்லை.

விருந்தின் முடிவில் பரிசுக் குலுக்கல். சோற்றுப் பானை, மின்கெண்டி, விடுதியில் ஓரிரவுத் தங்கல் என்பன பரிசில்கள். பெரும்பரிசை இறுதியில் வைப்பது நன்றியுரை கேட்க ஆள் வேண்டும் என்பதற்காக. இதன் பெயர் நிறுத்துக்குலுக்கல். நன்றியுரையில் விளிநிரல் மீண்டும் வரும்.

4. உலா

உலாவர் இருவகையர்: கட்டுரை படித்து முடித்தோர், கட்டுரையே படியாதோர். பின்னவர் துணைவர் எனப்படுவர். மனைவியர் கட்டுரை படிக்கக் கணவர் துணைவராக உலாப் போவது இன்று மிகுந்துள்ளது. மூதாதை உடைமை மகள்வழி இறங்கும் அடாட் பெர்ப்பாத்தே மரபு நிலவும் நாடு இது. ஆதலின் கைப்பையும் நீர்க்குடுவையும் சுமந்து பேருந்தில் அமரும் கணவர் நிலத்துக்கு இயைந்தவரே.

பேருந்தில் தலையெண்ணல் தனியோர் இயலாக விரியத் தக்கது. எண்ணுவோன் தன்னை விட்டு எண்ணுதலை வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையில் முன்னரே ஆய்ந்துவிட்டமையால் ஈண்டுக் கூறோம்.

4.1 அரண்மனை உலா: கோலப்பிலா அருகே ஸ்ரீ மெனாந்தி. 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த நான்கடுக்கு மரமாளிகை, ஆணியின்றி இணைத்தது, தூண்கள் 99, அவை மறவர் 99 பேரைக் குறிக்கும். 1931 வரை அரசர் அங்கே வாழ்ந்தனர். இவற்றை வழிகாட்டி சொல்லி முடித்ததும் கணக்காயர் சிலர் தூண்களை எண்ணத் தொடங்குவர். இருவர் எண்ணினால் இரண்டு விடை வரும். அதனைத் தீர்க்க மூன்றாமவர் எண்ணுவார். உலாவின் எஞ்சிய பொழுது இவ்வாறு கழியும்.

4.2 கலங்கரை உலா: தஞ்சோங் துவான் முனையில் 1863இல் எழுந்த கலங்கரை விளக்கம். அம்முனை நெகிரி செம்பிலான் கரையை ஒட்டிக் கிடந்தும் மலாக்கா மாநிலத்துக்கு உரியது. காலால் ஒரு மாநிலத்தில் தொடங்கி மூச்சிரைப்பால் மறு மாநிலத்தில் முடியும் உலாவை எம்மாநிலக் கணக்கில் சேர்ப்பது? புறப்பட்ட மாநிலத்தின் கணக்கிலேயே சேர்க்க; சோற்றுப் பொட்டலம் அங்கிருந்துதான் வந்தது. மார்ச்சுத் திங்களில் சுமத்திராவிலிருந்து நீரிணை கடந்து வடக்கே மீளும் தேன்பருந்துகள் இங்கே கரையேறும். உலாவர் அவற்றை அண்ணாந்து காண்கையில் ஒளிப்படக்காரர் உலாவரைப் படமெடுப்பார்; படத்தில் பருந்து இராது.

4.3 கடை உலா: சிரம்பானில் பேருந்து அரை மணி நிற்கும். சியூ பாவ் என்னும் சீனத் தின்பண்டம் வாங்குவர். மீதியைச் சொல்ல வேண்டா.

5. தோட்ட உலா

'தோட்டத்தைக் காட்டுக' என்று வெளிநாட்டு விருந்தினர் கேட்பதும், 'காட்டுவோம்' என்று ஏற்பாட்டாளர் இசைவதும் எல்லா மாநாட்டிலும் உண்டு. காட்டல் ஐந்து படியுடையது.

முதற்படி, குன்றின்மேல் துரை பங்களா முன் குழுவாக நிற்றல். இரண்டாம் படி, செம்பனை நாற்றுகளைக் கரும்பைகளில் காணல். மூன்றாம் படி, காட்சிவெட்டு. இதனை விளக்குவோம். பால்மரத்தைப் புலரியில் வெட்டுவர். வெயில் ஏற ஏற மரத்துள் அழுத்தம் தாழ்ந்து பால் ஒழுகுதல் குறையும். உலாப் பேருந்தோ காலை உணவு முடித்துப் பத்து மணிக்கே வரும். ஆகவே விருந்தினர்க்கென ஒரு மரத்தை மீண்டும் சீவிக் காட்டுவர். உளி செல்லும்; பட்டைச் சுருள் விழும்; பால் கோட்டின் வழியே வரலாமா வேண்டாவா என எண்ணி, மங்கின் விளிம்பில் நிற்கும். விருந்தினர் கைதட்டுவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் இக்காட்சிக்கென்றே ஓரிரு மரங்களை விட்டுவைத்திருப்பதும் உண்டு.

நான்காம் படி, குலை தூக்கல். இருபது கிலோ எடையுள்ள முள்நிறை செம்பனைக் குலையைத் தூக்கிப் படமெடுத்துக்கொள்ளல். துணைவர் தூக்குவர், மனைவியர் 'பார்த்து, பார்த்து' என்பர். பழம் உதிர்ந்து தரையில் கிடந்தால்தான் குலை அறுவடைக்கு ஆயிற்று என்று பணியாளர் விளக்குவார். அதனைக் கேட்பவர் எவருமில்லை, எல்லாரும் விரலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருப்பர். ஐந்தாம் படி, ஆலை மணம் நுகர்தல். அது தானே வரும்.

இனிக் காட்டப்படாதவை: தொழிலாளர் குடியிருந்த லயம், பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை இருந்த மேடு, புலரியில் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களம். காட்டலாகாது என நெறி எதுவும் எழுதப்படவில்லை. ஆயினும் எல்லாப் பேருந்தும் அத்திருப்பத்துக்கு முன்னரே திரும்பிவிடும். காட்டத் தமிழரும் அங்கே மிகுதியாக இல்லை. நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை சாய்க்கும் இளைஞனை அணுகி, 'எந்த ஊருப்பா?' என்று மூதாட்டி ஒருவர் கேட்பார். அவன் சிரித்து, 'லொம்போக், புவான்' என்பான். இஃது உலாவின் ஒரே உரையாடல். வழிகாட்டி இதனைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை, யாம் எழுதினோம்.

6. பிறந்தகம் தேடு உலா

இஃது அழைப்பிதழில் அச்சிடப்படாத உலா. பேருந்தில் நாற்பதின்மர் போகையில் ஒருவர் மட்டும் போவது. அவ்வொருவரை அறிதல் எளிது: வழிகாட்டி வலப்பக்கம் காட்டுகையில் அவர் இடப்பக்கம் பார்ப்பார், லாபு, சிலியாவ், ரந்தாவ் என ஊர்ப்பலகை வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து அமர்வார், ஈற்றில் ஓட்டுநரிடம் மலாயில் ஏதோ கேட்பார். அவர் தேடும் தோட்டம் பெரும்பாலும் இராது. சிரம்பானைச் சுற்றியும் நீலாயைச் சுற்றியும் தோட்டங்கள் பல வீடமைப்பாயின. 1998இல் அருகே சிப்பாங்கில் வானூர்தித் தளம் திறந்தபின் நிலத்தின் விலை பாலின் விலையைப் பன்மடங்கு கடந்தது.

தோட்டம் போனபின் எஞ்சுவன எச்சங்கள். அவை மூன்று. கல்லெச்சம்: மாரியம்மன் கோயில், வீடுகளின் நடுவே, சாலைக்குக் கோணலாக நிற்பது. சாலைதான் கோணல், கோயில் பழைய இடத்திலேயே நிற்கிறது. பெயரெச்சம்: தமிழ்ப்பள்ளிப் பலகையில் 'தோட்டம்' என்னும் சொல், பள்ளி ஊருக்குள் பெயர்ந்தாலும் சொல் பெயராது. வினையெச்சம்: உலாவர் பேருந்திலிருந்து இறங்கி, கைநீட்டி, 'இங்கதான் எங்கம்மா காண்டா வாளிய இறக்கி வச்சிட்டு...' எனத் தொடங்கி முடிக்காத கூற்று. இலக்கணத்தில் வினையெச்சம் வினைமுற்றைத் தேடும். இங்கே ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவார்.

இவ்வுலாவை உலாவென ஏற்கலாமா? கட்டணம் இல்லை, குழு இல்லை, படமும் இல்லை. ஆதலின் ஏற்கலாகாது என வாதிடுவார் உண்டு. எம் முடிபு வேறு. மற்றை உலாக்களில் காண்பது இன்னதென்று புறப்படும் முன்னரே தெரியும். இதில் மட்டுமே ஒருவர் எதையோ காண வந்தார். ஆகவே இதுவே தலையாய உலா; ஏனையவை இதன் விரிவுகள்.

மாணாக்க, ஒருநாள் நீ ஏற்பாட்டாளனாவாய். இரவு விருந்துக்கு விடுதி திரும்பும் வழியில், கேட்பவர் கேட்குமிடத்தில் நிற்கக் கால் மணி என்று நிகழ்ச்சி நிரலில் எழுதிவை. டத்தோ எப்படியும் அதற்குமுன் வந்திருக்கமாட்டார்.