மும்மாநில மோட்டார்ப் பிரயாணத்தில் நிற்கத்தக்க இடங்கள்: ஒரு தர்க்க விசாரணை

ஸ்தல யாத்திரைக்கு மகாத்மியங்களையும், நடைப்பயணத்துக்கு வழிநடைச் சிந்துகளையும், வீட்டை விட்டுக் கிளம்பும் திசைக்குச் சூலமும் அதற்குப் பரிகாரமும் வகுத்துக் கொடுத்த நம் முன்னோர், குடும்ப சமேதராகக் காரில் ஏறி மூன்று மாநிலங்களைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும் கிருகஸ்தன் எந்தெந்த இடத்தில் வண்டியை நிறுத்துவது நியாயம் என்னும் விஷயத்தில் மட்டும் ஒரு சூத்திரமும் எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். அக்குறையை நிவர்த்தி செய்யப் புகுந்த இவ்விசாரணை, கோயம்புத்தூரில் கிளம்பிச் சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக மைசூரை அடைந்து, குண்டல்பேட்டைக்குத் திரும்பி, பந்திப்பூர்க் காட்டைக் கடந்து கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்குப் போய், கூடலூரில் மலையேறி உதகையைத் தொட்டுக் கீழிறங்கும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வட்டத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. அழகான காடு, அடர்ந்த தேயிலை, அரண்மனை, ஆதிமனிதன் குகை ஆகிய யாவும் ஒரே வட்டத்தில் அடங்கியிருப்பதால், தகராறுக்கு இதைவிடச் செழிப்பான நிலம் தென்னாட்டில் இல்லை.

முதலில் லட்சணம். நிற்கத்தக்க இடமாவது அழகுள்ள இடம் என்பது பூர்வபட்சிகளின் கூற்று. இவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளைகள்; புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே எக்செல் அட்டவணை ஒன்றைத் தயாரித்து, 'வியூ பாயின்ட், 15 நிமிடம்' என்று கட்டம் கட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுருதிவாக்கியம்போல் வெளியிடுகிறவர்கள். இந்த லட்சணம் அதிவியாப்தி என்னும் தோஷத்துக்கு இலக்காகிறது. திம்பம் மலைப்பாதை அடிமுதல் முடிவரை அழகாயிருந்தும், அங்கே இறங்கி நிற்க வனத்துறை சம்மதிப்பதில்லை. வண்டி நிற்கும் இடமே நிற்கத்தக்க இடம் என்று திருத்தினாலோ, டயர் பஞ்சரான இடமும் சுங்கச்சாவடியும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இரண்டையும் தள்ளிவிட்டு, எங்கே காட்சி மிகுகிறதோ அங்கே நிறுத்தம் மறுக்கப்படும், எங்கே நிறுத்தம் தாராளமோ அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இராது என்னும் எதிர்விகித நியாயத்தையே சித்தாந்தமாக நாட்டுகிறோம்.

இதற்குத் திம்பமே முதற் சான்று. பண்ணாரி அம்மன் சந்நிதியில் விபூதிக்குப் பதிலாகத் தரப்படும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டியவுடன், 27 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில், 2022 பிப்ரவரியில் பிறந்த உயர்நீதிமன்ற ஆணையின்படி, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வெளியூர்க் கார்களுக்கு வழியில்லை; பகலிலும் நிற்காமல் போக வேண்டும் என்பதே விதி. விதிக்கு விலக்காக நிறுத்தும் அதிகாரம் படைத்தவை யானைகள் மட்டுமே. தாளவாடிப் பக்கத்து வயல்களிலிருந்து கரும்பு ஏற்றி வரும் லாரிகளிலிருந்து சிந்தும் கரும்புக்கு ருசி கண்டுவிட்ட இவை, ஆசனூரை அடுத்த காரப்பள்ளம் சாவடிக்கருகில் சாலையின் நடுவே வந்து நின்று, லாரியின் பின்பக்கத்தில் துதிக்கையை நீட்டி, கட்டோடு உருவாமல் இரண்டிரண்டு கழியாக நிதானமாகத் தேர்ந்தெடுத்துத் தின்னும். பின்னால் நிற்கும் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அட்டவணையில் அந்நேரம் 'ஆசனூர் டிபன்' என்று எழுதியிருக்கும். இது நிறுத்தமா, தடையா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. நிறுத்தியவர் நாமல்லர் ஆதலின் தடையே என்பது எமது துணிபு.

இனித் தூரத்தை அறிவதற்கான பிரமாணங்கள். மைல்கல் பிரத்தியட்சம், ஆனால் மரத்தின் மறைவில் நிற்கும். கைப்பேசி வரைபடம் அனுமானம். முன்னால் போவது கரும்பு லாரி என்பதை அது அறியாது, காட்டுக்குள் சிக்னல் போனபின் அதற்கு அனுமானிக்கவும் வழியில்லை. மூன்றாவதாகிய சப்தப் பிரமாணம் டீக்கடைக்காரரின் வாக்கு. "இங்கிருந்து ஒரு பத்து நிமிசந்தானுங்க" என்று அவர் சொல்வது, எங்கிருந்து கேட்டாலும் எங்கே போவதானாலும் மாறாத நித்திய வாக்கியமாதலால், ஆப்த வசனமென்று அதையே கொள்ள வேண்டியிருக்கிறது.

சாமராஜநகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வூரில் கால் வைக்கும் முதலமைச்சர் பதவி இழப்பார் என்ற நம்பிக்கையால் கர்நாடக முதல்வர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கே போகாமலே இருந்ததும், 2013-ல் பதவியேற்ற சித்தராமையா பலமுறை போய்வந்தும் ஐந்தாண்டுகளை முழுதாக முடித்ததும் பிரசித்தம். ஆனால் தாளவாடிப் பக்கம் திரும்பும் சாலையைக் கண்டதும் காரிலுள்ள மூத்தவர், 2000-ஆம் ஆண்டு ஜூலை 30 இரவு காஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டுக் காட்டில் 108 நாள் வைக்கப்பட்ட வரலாற்றை ஆரம்பித்துவிடுவார். அது முடியும்போது நஞ்சன்கூடு வந்துவிடும். வண்டியை நிறுத்தாமலே ஓரிடத்தைப் பார்த்து முடிக்கலாம் என்பதற்கு இது தக்க உதாரணம்.

விசாரணையின் மிகச் சிக்கலான பகுதி மைசூரில் இருக்கிறது. இதன் கூறுகளைப் பிரயாணப் புத்தகங்கள் ஏனோ தனித்தனியாகவே சொல்லிப் போகின்றன. பழைய மர அரண்மனை தீக்கிரையானபின் ஹென்றி இர்வின் வகுத்துக் கொடுத்த திட்டப்படி 1912-ல் கட்டி முடிந்த மைசூர் அரண்மனை, ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகளால் ஜொலிப்பது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை 7 மணிக்கு. அதைப் பார்த்து முடித்துக் குழந்தைகளைத் திரட்டிக்கொண்டு கிளம்பினால், சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள குண்டல்பேட்டையையும் கடந்து, அதற்கப்பால் பந்திப்பூரின் வாசலை இரவு 9 மணிக்குள் அடைவது மனித யத்தனத்தில் இல்லை. 2009 முதல் அந்தச் சாலையும் 9 முதல் 6 வரை மூடப்படுகிறது. ஆதலால் மைசூரில் தங்கியே தீர வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை. கற்காலத்து மனிதன் பாறையில் கீறிய உருவங்களையும் தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் தாங்கிநிற்கும் எடக்கல் குகைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. ஆக, விளக்கைக் கண்டவனுக்குக் குகை இல்லை, குகையைக் காண்பவனுக்கு விளக்கு இல்லை என்றாகிறது. இவ்விரண்டும் ஒரே பிரயாணத்தில் சித்திக்க வேண்டுமானால், ஞாயிறல்லாத ஓர் அரசு விடுமுறையைப் பஞ்சாங்கத்தில் தேடி, மேலாளரிடம் லீவு பெற வேண்டும். முன்னது சுலபம்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குண்டல்பேட்டையில் சாலையோரமாகப் பூத்துக் கிடக்கும் சூரியகாந்தி வயல்களைக் காட்டி, அழகும் நிறுத்தமும் இங்கே சேர்ந்திருக்கின்றனவே என்று ஆட்சேபிப்போர் உண்டு. சேர்ந்துதான் இருக்கின்றன, வரப்பில் கால் வைத்ததும் வயற்காரர் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். பூவை மிதித்துவிட்டுப் போகிறவர்கள் விஷயத்தில் இது முற்றிலும் நியாயமான வரி.

அட்டவணைக்குச் சமமான, சில வேளை மேலான, அதிகாரம் பின் இருக்கைக்கு உண்டென்பதை நூலோர் கவனிக்கவில்லை. மலைப்பாதையில் ஒரு சிறுவன் 'வயித்தைப் பிரட்டுது' என்று சொல்லும் ஒரு வார்த்தை, மாப்பிள்ளையின் ஒரு மாத உழைப்பை ஒரு கணத்தில் ரத்து செய்யும். எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் வைத்திருக்கும் பெரியம்மாவே அப்போது உண்மையான தலைவி. அந்தப் பாலித்தீன் பையும், வாங்கி வைத்த தண்ணீர் பாட்டில்களும் பாட்டவயல் சாவடியில் நீலகிரிக்குள் நுழையும்போது பறிமுதலாகலாம் என்பதையும், 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை அங்கே காட்ட வேண்டும் என்பதையும் அட்டவணைக்காரர்கள் குறித்துக்கொள்வது நலம்.

கூடலூருக்கு மேலே ஊசிமலைக் காட்சிமுனையில் இறங்கி நின்று பார்க்கத் தாராளமாக அனுமதி உண்டு; ஆகவே எமது நியாயப்படி அங்கே மூடுபனி வந்துவிடும். உதகையிலிருந்து குன்னூர் வழியாக இறங்கி அங்கே தேநீரும் வர்க்கியும் என்று எழுதியிருந்தால், கோடை சீசனில் போலீசார் இறங்கும் வண்டிகளையெல்லாம் கோத்தகிரிப் பாதையில் திருப்பிவிடுவார்கள். வர்க்கி அங்கேயும் கிடைக்கும். மாப்பிள்ளைக்குத்தான் மனம் ஒப்பாது.

மேட்டுப்பாளையத்தை அடைந்தபின் வீடு கிட்டிவிட்டதென்று யாவரும் எண்ணியிருக்க, காரமடை வரும்போது, அதுவரை அட்டவணை பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருந்த பாட்டி, "கண்ணு, அப்படிக்கா ஓரங்கட்டு, ரங்கநாதரை ஒரு எட்டுக் கும்பிட்டுட்டு வந்தர்லாம்" என்பார். நடை சாத்தியிருந்தால், திறக்கும் வரை எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்து, சத்தியமங்கலத்தில் கட்டிய புளிசாதத்தின் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இந்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் என்று அட்டவணையில் எழுதுவது என்பதில் மட்டும் எமக்கு இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.