நாலும் பெயில்

கிரேக்க ஞானிகளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே உலகத்தை விளக்கிவிடுவார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த எம்பெடாக்ளிஸ், இந்த உலகம் மண், நீர், தீ, காற்று என்ற நான்கின் கூட்டணி ஆட்சி என்று அறிவித்தார். எதையும் எடை போட்டுப் பார்த்ததாகத் தகவல் இல்லை. தானும் கடவுள்தான் என்று காட்ட அவர் எட்னா எரிமலையில் குதித்தாராம். மலை ஆளை வைத்துக்கொண்டு வெண்கலச் செருப்பை மட்டும் துப்பியதாம். வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. பாடம் காலடியிலேயே கிடந்திருக்கிறது. மனிதர் குனிந்து பார்க்கவில்லை.

அரிஸ்டாட்டில் வழிமொழிந்தார். அத்தோடு இரண்டாயிரம் வருஷத்துக்குப் பெரிதாகக் கேட்பாரில்லை. 1661இல் ராபர்ட் பாயில் ஒரு புத்தகமே போட்டுச் சந்தேகப்பட்டார். எட்டு வருஷம் கழித்து ஹாம்பர்க் நகரில் ஹென்னிங் பிராண்ட், மஞ்சளாக இருக்கிறதே, தங்கம் இருக்கும் என்று சிறுநீரைச் சேர்த்து, நாற வைத்து, காய்ச்சினார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் வந்தது. அசல் தனிமம்! மூக்கைப் பொத்திக்கொண்டு ஒத்துழைத்த அக்கம்பக்கத்தாரை வரலாறு மறந்துவிட்டது.

நால்வரில் முதலில் மாட்டியது காற்று. 1774இல் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் பாதரச ஆக்சைடைப் பூதக்கண்ணாடி வெயிலில் சூடாக்கி ஆக்சிஜனைப் பிடித்தார். பிடித்தது என்னவென்று அவருக்கே கடைசிவரை பிடிபடவில்லை. எரியும் பொருளிலிருந்து புளோஜிஸ்டன் என்ற வஸ்து வெளியேறுவதாக அன்று நம்பிக்கை. அப்படியானால் எரிந்த உலோகம் எடை கூடுவானேன் என்று கேட்டால், புளோஜிஸ்டனின் எடை மைனஸ் என்று சமாளித்தவர்களும் உண்டு. பாரிஸ் விருந்தொன்றில் பிரீஸ்ட்லி விஷயத்தைப் போட்டு உடைத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் லவாய்சியே: தொழில் வரி வசூல், ஆசை வேதியியல், ஆயுதம் தராசு. காற்றில் எரியவிடும் பகுதி ஒன்று, விடாத பகுதி ஒன்று என்று பிரித்துக் காட்டினார். காற்று அவுட்.

அடுத்தது தண்ணீர். வேலைக்காரப் பெண்ணிடம் பேசக் கூச்சப்பட்டுச் சாப்பாட்டைச் சீட்டில் எழுதிவைத்த லண்டன் கோடீஸ்வரர் கேவண்டிஷ், ஹைட்ரஜனை எரித்துத் தண்ணீர் வரவழைத்தார். சேதி காதில் விழுந்ததும் லவாய்சியேவும் 1783இல் எரித்துப் பார்த்து, தண்ணீர் ஒரு சேர்மம் என்று தீர்ப்பெழுதினார். முதலில் கண்டது யார் என்று லண்டனுக்கும் பாரிசுக்கும் குழாயடிச் சண்டை.

1789இல் லவாய்சியே 33 தனிமங்களின் பட்டியலை வெளியிட்டார். இதுவரை எவராலும் பிரிக்க முடியாதது எதுவோ அதுவே தனிமம் என்பது அவர் இலக்கணம். பட்டியலின் தலைமாட்டில் ஒளியும் வெப்பமும்! புளோஜிஸ்டனோடு முன்வாசலில் துரத்தப்பட்ட தீ, ‘கலோரிக்’ என்ற மாறுவேடத்தில் பின்வாசல் வழியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டது. மண் சார்பில் சுண்ணாம்புக்கும் சீட்டு கிடைத்திருந்தது. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சி அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தார். மண்ணும் மண்ணைக் கவ்வியது.

மிச்சமிருந்தது ஒரு வழக்கு: சேர்மத்தில் எது எவ்வளவு என்பது நிலையானதா? நெப்போலியனோடு எகிப்து போய்வந்த பெர்தோலே, பொருள்கள் பல விகிதங்களில் சேரும் என்றார். கண்ணாடியையும் உலோகக் கலவையையும் சாட்சிக்கு அழைத்தார். அவையெல்லாம் வெறும் கலவைகள், சாட்சி செல்லாது என்றார் மாட்ரிட்டில் இருந்த பிரௌஸ்ட். செம்பு கார்பனேட்டைச் சுரங்கத்தில் தோண்டினாலும் ஆய்வகத்தில் செய்தாலும் விகிதம் ஒன்றே என்று எடை போட்டுக் காட்டினார். தண்ணீரும் அப்படித்தான்: 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன், பேரம் கிடையாது. வருஷக்கணக்கில் மரியாதை குறையாமல் சண்டை போட்டார்கள். பிரௌஸ்ட் ஜெயித்தார்.

மேலும் பிரிக்க முடியாததே தனிமம் என்ற லவாய்சியேவை, 1794 மே 8 அன்று புரட்சிக்காரர்கள் கில்லட்டினில் இரண்டாகப் பிரித்தார்கள். காரணம் வேதியியல் அல்ல, வரி வசூல்.

மதிப்பெண் பட்டியல் இதோ: நீர் சேர்மம், காற்று கலவை, மண் பல சேர்மங்களின் கலவை, தீ ஒரு பொருளே அல்ல, வெறும் நிகழ்ச்சி. நாலுக்குப் பூஜ்யம். ஆகவே வாசகரே, எவ்வளவு பெரிய தாடிக்காரர் சொன்னாலும், முதலில் தராசில் வைத்துப் பாருங்கள்.