காரிலை பிழையில்லை மோனை

தம்பி, நீ அக்குவா ஹைபிரிட் கார் வைச்சிருக்கிறதிலை எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. லீற்றருக்கு 35 ஓடும் எண்டு நீ அச்சுவேலிச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிஞ்சதிலையும் பொய்யில்லை. 2011 மார்கழியிலை யப்பான்காரன் அந்தக் காரை வெளியிலை விடேக்கை 35.4 எண்டுதான் சொன்னவன். ஆனால் அவன் அளந்தது சோதனைச்சாலைக்குள்ளை, உருளைக்கு மேலை ஏத்தி, ஏசியை நிப்பாட்டி வைச்சு. நீர்வேலி வாழைக்குலை ஏத்தின லான்ட்மாஸ்டருக்குப் பின்னாலை ஹோர்ன் அடிச்சு அடிச்சு ஓடி அளக்கேல்லை. இப்ப உனக்கு 17 தான் காட்டுதெண்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காரிலை பிழை, வித்துப்போடுவம் எண்டுறாய். விக்கத்தான் வேணுமெண்டால் முதல் உன்ர வலது காலை வில்.

பின் சீற்றுக்குக் கீழை கிடக்கிற பற்றறியைப் பற்றி நீ பெரிய கதை அளக்கிறாய். 144 வோல்ற், ஓம், பெரிய எண்தான். ஆனால் விளிம்பு முட்ட நிரப்பினாலும் மின்சார சபைக்காரன்ர மீற்றர்க் கணக்கிலை ஒரு யூனிற்றுக்குக் குறைவு. அதிலையும் பாதியைக்கூடத் தொட விடாமல் உள்ளுக்கிருக்கிற கொம்பியூட்டர் பொத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கும். அந்தக் கரண்டு எங்கையிருந்து வந்தது எண்டு எப்பவாவது யோசிச்சனியோ? வீட்டிலை வயர் குத்தினியோ? இல்லை. எல்லாம் நீ செற்றிலை அடிச்ச பெற்றோல். ஒண்டில் எஞ்சின் சுத்திக் குடுத்தது, இல்லாட்டில் நீ பிறேக் பிடிக்கேக்கை சில்லின்ர ஓட்டத்திலை இருந்து திரும்பி வந்தது. நீ ஈவி பொத்தானை அமத்திக்கொண்டு, ஓசியிலை போறன் எண்டு சிரிச்சுக்கொண்டு போறாய். அது ஓசியில்லை மோனை, கைமாத்து. கொஞ்சத்தாலை எஞ்சின் எழும்பி வட்டியும் முதலுமாய் அறவிடும். பெற்றோலைக் கரண்டாக்கி, கரண்டைப் பற்றறிக்குள்ளை வைச்சு, பேந்து வெளியிலை எடுக்க, ஒவ்வொரு படியிலையும் கொஞ்சம் சிந்தும். அந்தப் பொத்தானை விட்டிட்டு உன்ர வேலையைப் பார். எப்ப எதை ஓட்டுறது எண்டு காருக்கு உன்னைவிட வடிவாத் தெரியும்.

டாஷ்போட் நடுவிலை ஒரு கோடு எரியுது பார். சார்ஜ், எக்கோ, பவர் எண்டு மூண்டு பங்கு. நீ ஆவரங்கால் சந்தியாலை திரும்பினவுடனை பவர் முட்ட ஏத்துறாய், ஆர் பாக்கினமோ தெரியேல்லை. ஏத்தி முடிய முன்னுக்கு மாடு நிக்கும். உடனை பிறேக்கிலை ஏறி நிக்கிறாய். மெதுவா, தூரத்திலையே கண்டு பிறேக்கைத் தொட்டால் மோட்டர் சுத்திப் பற்றறிக்குக் குடுக்கும். நீ மிரிக்கிற மிரியிலை பிறேக் கட்டை கடிச்சுச் சூடாகி, அவ்வளவு பெற்றோலும் காத்திலை போகும். அதுக்காக ஆமை வேகத்திலை ஊர்ந்து பின்னாலை வாற மினி பஸ்காரனிட்டைப் பேச்சு வேண்டச் சொல்லேல்லை. எக்கோவுக்குள்ளை நிண்டு அளவா ஏத்து, வேகம் வந்தவுடனை காலை இளக்கு, பேந்து தொட்டும் தொடாமலும் பிடி. புத்தூரிலையிருந்து கோப்பாய் மட்டும் தட்டை நிலம், கார் தன்ரபாட்டிலை வழுக்கிக்கொண்டு போகும்.

பி கியரைப் போட்டால் மிச்சம் பிடிக்கலாம் எண்டு ஆரோ சொன்னவனாம். அது நுவரெலியாவிலையிருந்து இறங்கிறவனுக்கு. எங்கட குடாநாட்டிலை ஏறி இறங்க என்ன கிடக்கு, வல்லைப் பாலத்தைத் தவிர? நியூற்றலிலை உருட்டுறதும் விசர் வேலை, அப்ப பற்றறிக்கு ஒண்டும் போகாது.

வல்லை வெளியிலை உனக்குப் பேய் பிடிக்குது. வீடு வாசல் இல்லை, பொலிஸ் இல்லை, 100 இலை பறக்கிறாய். சட்டம் 70 எண்டு சொல்லுது, அதை விடு, நீ சட்டத்துக்குப் பயப்பிடுற ஆளோ. ஆனால் வேகம் இரட்டிச்சால் காத்து தடுக்கிறது நாலு மடங்கு. அதிலையும் சோளகம் எழும்பின மாதங்களிலை நெல்லியடியாலை திரும்பி வரேக்கை காத்து நேரை நெஞ்சிலை அடிக்கும். அந்த வெளியிலை சைக்கிள் உழக்கினவனுக்குத்தான் அது விளங்கும். நீ உழக்கேல்லை, பெற்றோல் உழக்குது.

பேந்து உந்தப் பின் சீற்று. குனிஞ்சு பார், சீற்றுக்குக் கீழ்ப் பக்கத்திலை ஒரு சல்லடை இருக்கு. பற்றறி மூச்சு விடுற வழி அதுதான். உள்ளுக்கு ஒரு சின்ன விசிறி சுத்திக் காருக்குள்ளை இருக்கிற குளிர்க்காத்தை இழுக்கும். நீ என்ன செய்திருக்கிறாய்? மரக்கறிப் பையை அதிலை சாத்தி, பிள்ளையின்ர சப்பாத்தையும் செருகி வைச்சிருக்கிறாய். எங்கட செம்மண் புழுதி, தலைமயிர், பிஸ்கட் தூள் எல்லாம் அதுக்குள்ளை ஒரு படையாக் கிடக்கு. மூச்சு அடைச்சால் பற்றறி சூடேறும், சூடேறினால் கொம்பியூட்டர் பற்றறியைக் குறைச்சு எஞ்சினைக் கூட ஓட்டும். பெற்றோல் குறையுது எண்டு செற்காரனைத் திட்டுவாய். 2020 பங்குனியிலை நிப்பாட்டின வாகன இறக்குமதி 2025 இலைதான் திறந்தது. அதுக்கு முந்தி வந்த உன்ர பற்றறி இப்ப கிழவன், என்னைப்போலை. பேணிக்கொள். மாத்த வெளிக்கிட்டால் லட்சக்கணக்கு.

அரை றாத்தல் பாண் வேண்ட மூலைக் கடைக்கும் கார். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் புகைக்குழாயைச் சூடாக்கவெண்டே கொஞ்ச நேரம் ஓடும், அது சூடேற முந்தி நீ கடையிலை இறங்கியிடுவாய். கொப்பர் வைச்சிட்டுப்போன றலி சைக்கிள் சுவரிலை சாத்தினபடி. சந்நிதிக்குப் போனால் அன்னதானம் முடியுமட்டும் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் படுக்கை. எஞ்சின் நிண்டிட்டுது, செலவில்லை எண்டு நினைப்பு. ஏசி பற்றறியைக் குடிக்கும், பற்றறி இறங்க எஞ்சின் எழும்பும். மரத்துக்குக் கீழை காரை விட்டிட்டுப் போய்ச் சாமியைக் கும்பிடு.

இந்தக் கிழவனுக்கு ஹைபிரிட்டைப் பற்றி என்ன தெரியும் எண்டு நீ நினைக்கிறது தெரியுது. 90களிலை பொருளாதாரத் தடைக்குள்ளை மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மண்ணெண்ணெயிலை ஓடின ஊர் இது. காபரேற்றருக்குள்ளை சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். இரண்டு எண்ணெயிலை ஓடின நாங்கள்தானடா முதல் ஹைபிரிட்.

அதை விடு, உன்ர கதைக்கு வா. 2022 இலை பெற்றோல் 470 ரூபாய் மட்டும் ஏறின பிறகு, க்யூஆர் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு வேண்டினம். அப்ப நீ இதே காரைத்தான் ஓடினனி. கால் பூ மாதிரி இருந்தது. 2023 புரட்டாதியோடை க்யூஆர் போச்சுது, உன்ர காலும் பழையபடி இரும்பாப் போச்சுது. ஓடத் தெரியாதெண்டில்லை, மனம் இல்லை.

நாளைக்கு விடியக் காலமை, ரயர் சூடேற முந்தி, போய்க் காத்தைப் பார். எவ்வளவு அடிக்கிறதெண்டு சாரதிக் கதவுத் தூணிலை ஒட்டியிருக்கு. சல்லடையையும் துடை. அதுக்குப் பிறகும் காரை விக்கிறதெண்டால் உன்ர மனுசியிட்டைக் கேட்டிட்டு வில். போன கிழமை அவள் இதே காரை யாழ்ப்பாணம் கொண்டுபோய் வரேக்கை 22 காட்டினதாம். உனக்குச் சொல்லேல்லை, எனக்குச் சொன்னவள்.